பழைய எழுத்தும் பாட்டியின் பெட்டியும்

சென்ற பொங்கல் விடுமுறையில், நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் தம் வகுப்பு வேலையொன்றை நம் வாசகசாலைக்குக் கொணர்ந்து காட்டினார். அவர் சென்னையில் ஓவியக் கல்லூரியில் பயில்பவர். எழுத்துருக் கலை அவர் பாடங்களுள் ஒன்று. இல்லத்திலுள்ள கையெழுத்து ஏதேனும் ஒன்றைக் கொண்டு, அச்சுக்குரிய எழுத்துக்களை வரைந்து வருமாறு ஆசிரியர் பணித்தாராம். இவர் தம் பாட்டியாரின் தகரப் பெட்டியைத் திறந்தார்.

பாட்டியார் இலங்கை மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள், 1970-களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தமையை நம்மவர் அறிவர். அவர்களுள் இவரும் ஒருவர். மலையகத்திலேயே தங்கிவிட்ட தமக்கையார் எழுதிய கடிதங்களே பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, பாட்டியார் கையிலெடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது அப்பெட்டியைத்தான். இன்று அவருக்குக் கண்ணொளி மங்கிவிட்டது. அக்கடிதங்களைப் பிறர் படிக்கக் கேட்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

பேத்தி தமிழ் கற்றவரே. ஆயினும் முதல் வரியிலேயே தடுமாறினார். யானையின் துதிக்கை போல் வளைந்து நின்ற எழுத்தை இன்னதென்று அவரால் அறியக்கூடவில்லை. அது பழைய ‘லை’. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாக 13 எழுத்துக்களின் வடிவைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஆணையிட்டு மாற்றியது. பெரியார் 1935-இலேயே தம் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தம் அது. குழந்தைக்கும் அச்சுக்கோப்பவருக்கும் அதனால் சுமை குறைந்தது என்பதில் ஐயமில்லை.

தமிழ் எழுத்து மாறுவது புதிதன்று. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டெழுதினர் முன்னோர். எகர ஏகார வேறுபாட்டை எழுத்திலேயே விளங்கக் காட்டினார் வீரமாமுனிவர். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த அச்செழுத்துக்கள் பெரியனவாயிருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தனர். ஓலையும் தாளும் ஈயமும் நம் எழுத்தை மாற்றியே வந்துள்ளன. ஆனால், புதியதைக் கற்பித்த நாம் பழையதைப் படிக்கக் கற்பிக்காமல் விட்டோம். குறை அங்கேதான் உள்ளது.

மாணவி கடிதங்களைப் படியெடுக்கையில் ஒன்றைக் கண்டாராம். மலை, தேயிலை, வேலை, இல்லை: தோட்டத்து வாழ்வின் சொற்களில் மீண்டும் மீண்டும் வந்தது அந்த ஓர் எழுத்தே. எனவே அதனையே முதலில் வரைந்தார். துதிக்கையைத் தனியாகவும் லகரத்தைத் தனியாகவும் வரைந்து ஒட்டியிருந்தார். வரைந்த விதத்தைக் கேட்ட பாட்டியார், மேசைமேல் விரலால் எழுதிக் காட்டி, “இங்கே பேனாவை எடுக்கப்படாது, கண்ணு, ஒரே இழுப்பு” என்றார். பேத்தி அந்த ஏட்டைக் கிழித்துவிட்டு மீண்டும் வரைந்தார். நாம் கண்டது இரண்டாம் ஏடு. அதில் எழுத்து நடந்து செல்வது போலிருந்தது.

கணினியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒருங்குறியில் குறியெண்கள் ஒன்றே, உருவம் எழுத்துருவைப் பொறுத்தது. ஆதலின் இவர் செய்யும் எழுத்துருவில் இன்றைய செய்தியையும் பாட்டியார் பழகிய வடிவில் காட்டலாம். பழைய கடிதத்தைத் தட்டெழுதி இன்றைய வடிவிலும் பேரர்க்குத் தரலாம்.

அன்று மாலை பேத்தி முதற்கடிதத்தைத் தடையின்றிப் படித்தாராம். “அந்தத் தீவில் மலை உண்டா?” என்று தமக்கையார் கேட்டிருந்தார். பாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த கடிதத்தை எடுக்கச் சொன்னார்.

நாமும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். இடமில்லை என்று வாசகசாலையின் பழைய மலர்களை எடைக்குப் போட எண்ணியிருந்தோம். இளைஞர் எவரும் புரட்டுவதில்லை என்பது நாம் கூறிய காரணம். அவர்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று நாம் கேட்டதில்லை. அம்மலர்கள் இப்பொழுது மீண்டும் அலமாரியில் உள்ளன.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இத்தீவுகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். நம் வீடுகளில் எத்தனை பெட்டிகள் மூடிக் கிடக்கின்றனவோ! பதின்மூன்று எழுத்துக்களைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். கற்பிக்கத் தெரிந்த பெரியோர் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்கள் அருகே அமர்த்துங்கள். ஒரு கடிதத்தையேனும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.