நால்வர் எழுதட்டும், மற்றவர் காணட்டும்

ஊர் கூடி நடிக்கும் நாடகத்தை, நடக்கும்போதே இணையத்தில் எழுதி வெளியிடலாமா? "நாடகத்தைப் பாராமல் கைப்பேசியைப் பார்ப்பதா?" என்று பெரியோர் கடிந்துகொள்கின்றனர். அதில் உண்மை உண்டு. எனினும் நாங்கள் சற்று வேறுவிதமாக எண்ணுகிறோம்.

வேல்ஸ் நாட்டிலுள்ள போர்ட் டால்பட் எஃகு ஆலைக்குப் பெயர்பெற்ற நகரம். 2011-ஆம் ஆண்டு புனித வெள்ளி முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை, கிறிஸ்துவின் திருப்பாடுகளைத் தழுவிய நாடகம் அங்கே நடைபெற்றது. அவ்வூரில் வளர்ந்த நடிகர் மைக்கேல் ஷீன் போதகராக நடித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் பங்கேற்றனர். கடற்கரையும் தெருக்களுமே மேடை! மூன்று நாட்கள் ஊரெங்கும் நடந்ததை ஒருவரே முழுவதும் காண்பது அரிது. கண்டவர் பலர் உடனுக்குடன் இணையத்தில் எழுதினர். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் எழுத்தில் கண்டார். நற்செய்தியையும் நால்வர் எழுதினார்கள் அல்லவா?

சிலுவையில் தொங்கிய போதகர், ஊரிலிருந்து மறைந்துபோனவற்றை நினைவுகூர்ந்தார். 2024-இல் அந்நகரின் கடைசி ஊதுலையும் அணைந்தது. ஊதுலைகள் ஓய்ந்தாலும், அன்று மக்கள் எழுதி வைத்த நினைவுகள் ஓயவில்லை.

ஆகவே அருட்சகோதரியரே, எங்கள் வேண்டுகோள் இதுதான். வரும் ஆண்டு விழா நாடகத்தின்போது நான்கு மாணவியர் மட்டும் கடைசி வரிசையில் அமர்ந்து எழுத அனுமதி தாருங்கள். மற்ற அனைவரும் கைப்பேசியை மூடி வைத்துக் கண்ணாரக் காண்போம். நோயுற்று வீட்டிலிருக்கும் தோழியும், வெளிநாட்டில் உழைக்கும் தந்தையும் அன்று நம்மோடு இருப்பார்கள்.