இழுக்க இருவர், கொளுவ ஒருவரா?

கொழுந்து லொறியோ உர லொறியோ பாதிவழியில் நின்றுவிட்டால், இன்னொரு லொறி போய் இரும்புத் தண்டைக் கொளுவி அதை இழுத்து வரும். ‘டோ பார்’ என்று நாம் சொல்லும் அந்தத் தண்டைத் தனி ஆளாகக் கொளுவி முடிக்கும் சாரதியைத் தோட்டத்தில் கெட்டிக்காரன் என்பார்கள். துரைமாரும் தட்டிக்கொடுப்பார்கள். தோழர்களே, அந்தப் பாராட்டைச் சந்தேகியுங்கள். இன்னொரு ஆளின் சம்பளம் மிச்சமானது அதற்குள் மறைந்திருக்கிறது.

கயிறோ சங்கிலியோ போதாதா என்று கேட்கலாம். பாரவண்டிகளுக்குப் போதாது. என்ஜின் நின்ற லொறியின் ஸ்டியரிங் கனத்துவிடும். காற்று பிரேக் உள்ள வண்டியில் காற்று இறங்கினால் பின்சில்லுகள் தானாகவே இறுகிவிடும். அந்த இறுக்கத்தை விடுவித்தால்தான் வண்டி நகரும். விடுவித்த பிறகு அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கயிற்றில் கட்டினால், இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியில் போய் மோதும். தண்டு இருந்தால் முன்வண்டியின் பிரேக் இரண்டையும் தாங்கும். ஆனாலும் பின்வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிக்க அதிலும் ஒரு சாரதி இருந்தே ஆகவேண்டும்.

ஆக, இழுப்பதற்கு எப்படியும் இருவர் வேண்டும். அப்படியிருக்க, கொளுவும்போது மட்டும் ஏன் ஒருவர்? “நீ போய்க் கொளுவி வை, மற்ற ஆளைப் பிறகு அனுப்புகிறோம்” என்ற உத்தரவில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இது மலைநாட்டுச் சரிவுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் மண்கும்பானைக் கடந்துதான் போயிருப்பீர்கள். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி கடந்து, வேலணைக்குப் போகும் வழியில் உள்ள ஊர். பெயருக்கேற்ற மணல் பூமி. கடல் சூழ்ந்த தீவில் மழைநீரைப் பிடித்து வைத்து நல்ல தண்ணீர் தருவது அந்த மணல்தான். ஆனால் பாரம் ஏற்றிய பவுசரோ டிரக்டரோ வீதியை விட்டு இறங்கினால், அதே மணல் சில்லை விழுங்கிவிடும்.

தரை மட்டமாகத்தானே இருக்கிறது, வண்டி எங்கே ஓடப்போகிறது என்று தோன்றும். மணலில் ஜக் ஒரு பக்கமாக அமிழும். சில்லுக்கு வைத்த கட்டை புதையும். சும்மா சுழன்றுகொண்டிருந்த சில்லு திடீரென்று பிடி கிடைத்து ஒரு முழம் பாயும். சரிவில் வண்டி உருளும், மணலில் வண்டி பாயும். ஆள் நசுங்குவது இரண்டிலும் ஒரே இடத்தில்தான்: இரண்டு வண்டிகளுக்கும் நடுவில்.

அதனால் இரண்டாவது ஆள் வந்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது. நடுவில் நின்று தண்டைத் தூக்கிப் பிடித்தபடி “வா, வா” என்று கைகாட்டுகிறவர்தான் முதலில் அடிபடுவார். உதவியாளர் பக்கவாட்டில், சாரதியின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். வண்டி அசையும்போது நடுவில் ஆள் இல்லை. நடுவில் ஆள் இருக்கும்போது வண்டி அசையாது. இந்த ஒரு விதியை மனப்பாடம் செய்யுங்கள்.

மட்டமான, கெட்டியான தரையில் வேறு வழியே இல்லாமல் தனியாகக் கொளுவ நேர்ந்தால், இந்த ஒழுங்கை விடாதீர்கள். முதலில் நின்றுபோன வண்டியின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தண்டின் ஒரு முனையை அந்த வண்டியில் பூட்டி, மறுமுனையைக் கொக்கியின் உயரத்துக்குக் கட்டையில் தாங்கி நிறுத்துங்கள். முன்வண்டியை மெல்லப் பின்னால் எடுத்து, சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். கைப்பிரேக் போட்டு, என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகே இறங்குங்கள். அந்த வண்டிக்கும் கட்டை வைத்துவிட்டு நடுவே போங்கள். பின்னைப் போட்டதும் அதற்குரிய கிளிப்பையும் போடுங்கள். ஆணியோ கம்பித்துண்டோ அதற்கு ஈடாகாது. பின்வண்டியில் சாரதி ஏறி உட்காரும்வரை கட்டைகளை எடுக்காதீர்கள், பிரேக்கை விடுவிக்காதீர்கள்.

சரிவிலும் மணலிலும் தனியாக வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கும் இயந்திரத்துக்குக் காவல் போடச் சொல்கிறது. தொழிற்சாலைக் கேற்றுக்கு வெளியே, மலை வீதியில் லொறி கொளுவுகிறவரை அது எட்டுவதில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது கை கால் போன பிறகுதான் பேசும். பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று சர்வதேச தொழில் அமைப்பு 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை ஜெனீவாவில் இருந்தால் போதாது, தோட்டத்து வேக்‌ஷொப்புக்கும் வரவேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை நான்கு. வண்டியின் பாரத்துக்கு ஏற்ற, பரிசோதித்த தண்டு வேண்டும். பழைய குழாயை வெல்டிங் வைத்து ஒட்டிய தண்டு வேண்டாம். ஒவ்வொரு லொறியிலும் டிரக்டரிலும் சில்லுக் கட்டைகளும், மண்ணில் ஜக்குக்கு அடியில் வைக்கப் பலகையும் இருக்க வேண்டும். இழுவை வேலைக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேரை அனுப்ப வேண்டும். தனியாகச் செய்ய மறுக்கும் சாரதிக்குப் பேர் வெட்டோ எச்சரிக்கைக் கடிதமோ கிடையாது என்று நிர்வாகம் உறுதி தர வேண்டும்.

விபத்து நடந்தால் “அவருடைய கவனயீனம்” என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். கூட யாரை அனுப்பினீர்கள் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் இடமே இருக்காது. அந்தக் கேள்வியை விபத்துக்கு முன்பே, அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே கேளுங்கள்.