நெல்லுக்கு வரி இல்லை, அரிசிக்கு?

'விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது.' நம்ம ஆட்கள் இதைச் சொல்ற உறுதியோட வேற எந்தச் சட்டத்தைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. சொல்வது தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதி நம் இயற்கை உழவர்களைத்தான் முதலில் பிடிக்கும். ஏனென்றால் 'நெல்லாக விற்காதே, மதிப்புக் கூட்டி விற்பனை செய்' என்று மேடை தோறும் சொல்லி வந்திருப்பது நாம்தான்.

இன்று இயற்கை விவசாயத்தில் இருப்பவர்களில் வயலை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்? திருநெல்வேலி டவுணைச் சுற்றி எனக்குத் தெரிந்தவர்களையே சொல்கிறேன். ஒருத்தர் காலையில் வயல், மத்தியானத்துக்கு மேல் தனியார் கல்லூரியில் பகுதிநேரப் பாடம். இன்னொரு தம்பி சென்னையில் இருந்து திரும்பி வந்தவர், வாரத்தில் மூணு நாள் வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை. நான் வங்கி ஓய்வூதியக்காரன். எல்லோருக்கும் ஒரு கால் சேற்றில், ஒரு கால் சம்பளப் பட்டியலில். "அண்ணாச்சி, வெவசாயத்துக்குத்தான் வரியே கெடையாதுல்லா, பெறகு எதுக்குக் கணக்கு?" என்று அந்தத் தம்பி கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

1886-ல் வெள்ளைக்காரன் போட்ட வருமான வரிச் சட்டம் விவசாய வருமானத்தை விட்டுவிட்டது. தயவு ஒன்றுமில்லை, நிலவரி என்று ஏற்கெனவே கறந்துகொண்டுதான் இருந்தான். நம் அரசியல் சாசனம் விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. எது விவசாயம் என்பதை 1957-ல் உச்ச நீதிமன்றம் பினாய் குமார் சகாஸ் ராய் வழக்கில் தெளிவாக்கியது: நிலத்தை உழுது, விதைத்து, நட்டு மனித உழைப்பு போட்டிருக்க வேண்டும். அதனால் பால் விற்ற காசும் கோழி விற்ற காசும் விவசாய வருமானம் ஆகாது. நாற்றங்காலில் வளர்த்த நாற்று விற்றால் ஆகும்.

இப்போது அரிசிக்கு வருவோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிலைக்கு ஆக்க உழவன் வழக்கமாகச் செய்வதெல்லாம், அடிப்பு, தூற்றல், காயவைப்பு எல்லாம், விவசாயம்தான். ஆனால் நெல்லுக்கே சந்தை உண்டு. அதைத் தாண்டி அரிசியாக்கினால், அவலாக்கினால், முறுக்குச் சுட்டால், கூடுதலாகக் கிடைக்கும் லாபம் வியாபாரம். இதற்கு வருமான வரி விதிகளில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் நெல்லுக்குச் சந்தை விலை போட்டு அதைச் செலவாகக் கழிக்கலாம். மிச்சம்தான் வியாபார வருமானம்.

கணக்குக்காக எண்கள் வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ ஆத்தூர் கிச்சிலி சம்பா நெல். கிலோ 40 ரூபாய், ஆக 40,000. அதில் 600 கிலோ அரிசி, 85 ரூபாய் வீதம் 51,000. மில் கூலி, சாக்கு, வண்டி 6,000. வியாபார லாபம் 5,000 மட்டும். அந்த 40,000-ல் சாகுபடிச் செலவு போக நிற்பது விவசாய வருமானம். இதே கணக்கில் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் கொடுத்த குவிண்டால் 2,500 ரூபாயைப் போட்டுப் பாருங்கள். வியாபார லாபம் 20,000 ஆகிவிடும்! ரசாயனம் போடாமல் விளைந்த பாரம்பரிய நெல்லை நாமே மலிவாக மதிப்பிட்டு, அதற்கு வரியும் கட்டுவதா? விதைக்கோ சக உழவருக்கோ நெல்லாகவே கொஞ்சம் விற்று, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதுதான் உங்கள் விலைக்குச் சாட்சி.

இங்கேதான் எனக்கு ஆத்திரம். தேயிலைக்குத் தனி விதி இருக்கிறது. மொத்த லாபத்தில் 40 சதவீதம் வியாபாரம், 60 சதவீதம் விவசாயம், ஒரே வரியில் கணக்கு முடிந்தது. ரப்பருக்கும் காப்பிக்கும் இப்படித் தனி விகிதம் உண்டு. மாஞ்சோலை மலை மேல் விளைந்த தேயிலைக்கு இருக்கிற சுளுவு, கீழே தாமிரபரணித் தண்ணியில் காரும் பிசானமும் போட்டு நெல் அரைத்து விற்கிறவனுக்கு ஏன் இல்லை? தோட்டக் கம்பெனிக்குக் கணக்குப்பிள்ளை உண்டு, நமக்கு யார்?

பகுதிநேர வேலைக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது, கொடுக்கிற பணம் சம்பளமா, கட்டணமா என்று. சம்பளம் என்றால் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. ஓய்வூதியத்துக்கும் உண்டு, ஆனால் இரண்டும் சேர்த்து ஒரே தடவைதான். தொழில்முறைக் கட்டணம் என்றால் அது கிடையாது, 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். பஸ், புத்தகம் மாதிரிச் செலவைக் கழிக்கலாம். இயற்கை வேளாண் பயிற்சிக்கு வாங்கும் மதிப்பூதியம், வரப்பிலேயே நின்று பாடம் எடுத்தாலும், விவசாய வருமானம் இல்லை. இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஓரிடத்தில் மற்றதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாக 4 லட்சம் விலக்குக் கொடுத்துக் குறைவாகப் பிடிப்பார்கள், வருஷக் கடைசியில் வட்டியோடு நாம் கட்டணும்.

விவசாய வருமானத்தை 1973-ல் இருந்து இன்னொரு விதத்திலும் எண்ணுகிறார்கள். அதற்கு நேரடி வரி கிடையாது, ஆனால் மற்ற வருமானத்தின் வரிப் படியை அது தூக்கிவிடும். கம்ப்யூட்டர் தம்பிக்குக் கழிவெல்லாம் போக 13 லட்சம், வயலில் நிகரமாக 3 லட்சம் என்று வைப்போம். 2025-26 விகிதப்படி 13 லட்சத்துக்கு மட்டும் வரி 75,000. இரண்டும் சேர்ந்த 16 லட்சத்துக்கு 1,20,000. அதிலிருந்து, வயல் வருமானம் 3 லட்சத்தோடு விலக்கு 4 லட்சம் சேர்ந்த 7 லட்சத்துக்கான வரி 15,000-ஐக் கழித்தால் 1,05,000. வரியே இல்லாத வருமானத்தால் வரி கூடிப்போச்சு! செஸ் தனி.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துத் தாக்கல் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் படிவம் 1, படிவம் 4 இரண்டும் செல்லாது. வியாபாரம் இல்லாதவர்களுக்குப் படிவம் 2, அரிசி வியாபாரம் இருந்தால் 3. அறுபது தாண்டியவர்களுக்கு முன்வரி கட்டுவதில் விலக்கு உண்டு. ஆனால் வியாபார வருமானம் என்று ஒரு ரூபாய் வந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் டவுண் வயல்களில் விளைவதும் விவசாய வருமானமே. அந்த வயலை விற்றால் மட்டும் மூலதன ஆதாய வரி வரும்.

நம் ஆட்களில் சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'எல்லாத்தையும் விவசாயம்னு காட்டிட்டாப் போச்சு' என்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு வழியில் வந்த பணத்தை வயலில் விளைந்ததாகக் காட்டுகிறவர்கள் நாட்டில் நிறைய. ஆவணம் சரியாகப் பார்க்காமலே விலக்குக் கொடுத்திருப்பதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கையே சொன்னது. அவர்களைக் காட்டித்தான் 'பணக்கார விவசாயிக்கு வரி போடு' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் போய் நிற்கக் கூடாது. வயலுக்கு ஒரு நோட்டு, அரிசிக்கு ஒரு நோட்டு. வங்கிக் கணக்கும் இரண்டாக இருந்தால் நல்லது.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின, விவசாய விலக்கு அப்படியே இருக்கிறது. சிறு உழவர் தன் சொந்த விளைச்சலைப் பக்குவப்படுத்தி விற்றால் அதற்கும் தேயிலை மாதிரி ஒரு நிலையான விகிதம் வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதித் தருகிறேன். விகிதத்தில்தான் எனக்கும் ஆடிட்டர் நண்பருக்கும் ஒத்துவரவில்லை. அதிகாரிகளுக்குப் பழகிய 60:40-ஐயே கேட்போம் என்கிறார் அவர். விவசாயத்துக்கு 80 வேண்டும் என்கிறேன் நான். அரிசி, அவல், மாவு போட்டு விற்கிறவர்கள் ஒரு பருவத்துச் செலவுக் கணக்கை எழுதி அனுப்பினால், எது நியாயம் என்று அந்தக் கூட்டத்தில் வைத்தே பேசிவிடலாம்.