அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியது நீங்க இல்லை!

டிஸ்கி: இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அதனால பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

நம்ம ஊர்ல 'அட்ஜஸ்ட்'ங்கற வார்த்தைக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு மக்களே. மூணு பேர் உக்கார்ற சீட்டுக்கு நாலாவதா ஒருத்தர் வந்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்"ம்பார். ஹாஸ்டல் மெஸ் சாம்பார்ல பருப்பைத் தேடினாலும் அதே பதில்தான். பொருள் அப்படியே இருக்கும், வளைய வேண்டியது நாம. பெரும்பாலும் இதனால குடி ஒண்ணும் முழுகிடாது. ஆனா ஸ்பிரிங் வச்ச குதிக்கிற கால் விஷயத்துல இந்தப் பழக்கம் எலும்பை உடைக்கும். அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

ஜம்ப்பிங் ஸ்டில்ட்ஸ்னு சொன்னா சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவுல ஒரு கூட்டமே காலுக்குப் பின்னாடி வில்லைக் கட்டிக்கிட்டு துள்ளினாங்களே, அதேதான். ஜெர்மனிக்காரர் அலெக்ஸாண்டர் பாக் கண்டுபிடிச்சது, அவருக்கு 2004-ல அமெரிக்கக் காப்புரிமையும் கிடைச்சுது. அவர் பேரை வச்சே இந்த விளையாட்டை 'பாக்கிங்'னு சொல்றாங்க. பாதத்துக்கு ஒரு தட்டு, முழங்காலுக்குக் கீழே காலை அணைச்சுப் பிடிக்க ஒரு வளையம், பின்னாடி வில் மாதிரி வளைஞ்ச ஃபைபர்கிளாஸ் பட்டை, அடியில உள்ளங்கை அளவு ரப்பர் குளம்பு. ஒரு காலுக்கு மூணு கிலோவுக்கு மேல இருக்கும். மாட்டினதும் ஒண்ணு ஒண்ணரை அடி உயர்ந்துடுவோம். நிஜமாவே செம ஜாலியான சமாச்சாரம்ங்க. இதைத் தடை பண்ணணும்னு நான் சொல்ல வரலை, அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க ஆபீஸ் குடும்ப விழாவுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தற குரூப் இதைக் கொண்டு வந்திருந்தாங்க. ஒரே ஜோடி, வரிசையில நாப்பது பேர். ஆறடி ஆள் ஒருத்தர் நாலு குதி குதிச்சுட்டு இறங்கினார். அடுத்து ஏறினது டெஸ்டிங் டீம் தோழி, அஞ்சடி இருப்பாங்க. பட்டையை மட்டும் இழுத்துக் கட்டி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம், பழகிடும்"னு தூக்கி நிறுத்தினாங்க. ஆறடி ஆளுக்காக ஏத்தி வச்ச வளையம் இவங்களுக்கு முட்டிச்சில்லு மேலயே வந்து உக்காந்திருக்கு. முட்டியை மடக்க முடியலை. முட்டி மடங்கலைன்னா முன்னாடி சாயவும் முடியாது. ரெண்டாவது அடியிலேயே பின்னாடி விழுந்தாங்க, கையை ஊனினாங்க, மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு.

இதுல என்னைக் கடுப்பேத்தினது விழுந்தது இல்லை. அப்புறம் கேண்டீன்ல பேசிக்கிட்டதுதான். "அவங்க பயந்துட்டாங்கப்பா, தைரியமா நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." ஒருத்தர் கூட "அந்த வளையத்தை ஏன் இறக்கலை?"ன்னு கேக்கலை. பொருளைச் சரி பண்ணாதவனுக்குப் பேர் கெடலை, கை உடைஞ்சவங்களுக்குப் 'பயந்தாங்கொள்ளி' பட்டம்!

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். இந்த விளையாட்டுல தைரியம் ரெண்டாவது. முதல்ல அளவு. அந்த அளவு பொருள் மேலதான் சரி செய்யப்படணும், மனுஷன் மேல இல்லை.

எடை: யாரும் உண்மை சொல்லாத கேள்வி

இந்த ஸ்பிரிங்குகளை எடை வாரியா விக்கறாங்க. 50லேர்ந்து 70 கிலோ, 70லேர்ந்து 90 கிலோ, இப்படி. கம்பெனிக்குக் கம்பெனி வரம்பு கொஞ்சம் மாறும். "பத்து கிலோ முன்னப்பின்ன இருந்தா என்ன?"ன்னு கேக்கறவங்களுக்காக, இஞ்சினியரிங்ல படிச்சதை ஒருவழியா உருப்படியா யூஸ் பண்ணிக்கறேன் :-)

திடீர்னு வைக்கற சுமை, மெதுவா வைக்கற சுமையை விட ரெண்டு மடங்கு ஸ்பிரிங்கை அமுக்கும். ரெண்டாம் வருஷப் பாடம், அரியர் வச்சவங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இது மேலேர்ந்து விழாமலேயே வர்ற கணக்கு. விழுந்தா இன்னும் ஏறும். உதாரணத்துக்கு, 75 கிலோ ஆள் சும்மா நின்னா 5 செ.மீ. அமுங்கற ஸ்பிரிங்னு வச்சுக்குவோம். 30 செ.மீ. உயரத்துலேர்ந்து அவர் இறங்கினா அது 23 செ.மீ. அமுங்கும். அந்த நொடியில கால் வாங்கற சுமை அவர் எடையைப் போல 4.6 மடங்கு. கிட்டத்தட்ட 345 கிலோ!

அதே ஸ்பிரிங்ல 90 கிலோ ஆள் ஏறினா 26 செ.மீ. அமுங்கும். சுமை 390 கிலோவைத் தொடும். அவ்வளவு வளையறதுக்குச் செய்யாத பட்டைன்னா விரிசல் விடும், ஒரு நாள் முறியும். இது எல்லாருக்கும் புரியற ஆபத்துதான்.

புரியாத ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கு. 55 கிலோ ஆள் ஏறினா? ஸ்பிரிங் 19 செ.மீ. தான் அமுங்கும். "அப்ப சேஃப் தானே"ன்னு தோணும். ஆனா அவர் வாங்கற அதிர்ச்சி அவர் எடையைப் போல 5.2 மடங்கு! வளையாத ஸ்பிரிங் அடியை உள்வாங்காது, முட்டிக்கும் இடுப்புக்கும் அனுப்பி வைக்கும். ஒல்லியானவங்களுக்குப் பெரிய ஸ்பிரிங் பாதுகாப்புங்கறது மூடநம்பிக்கை. (நிஜ ஸ்பிரிங் இவ்வளவு நேர்கோட்டுல நடந்துக்காது. ஆனா போற திசை இதுதான்.)

சிக்கல் என்னன்னா, நாலு பேர் முன்னாடி எடையைக் கேட்டா யாரும் நிஜத்தைச் சொல்ல மாட்டோம். அதனால ஓரமா ஒரு எடை மெஷின் வைக்கணும். ஹெல்மெட், பேட் எல்லாம் போட்டுக்கிட்டு ஏறி நின்னு பாக்கணும். ஸ்பிரிங்குக்கு வெக்கம் தெரியாது, கிலோதான் தெரியும்.

கால்: கீழேர்ந்து மேல

ஷூ: தட்டையான அடி, லேஸ் கட்டற ஷூ. செருப்பு, ஹீல்ஸ், லேஸ் இல்லாத நழுவு ஷூ எதுவும் வேணாம். ஷூ உங்க கால்ல ஆடினா, அதுக்குக் கீழ இருக்கற எல்லாமே ஆடும்.

பாதக் கட்டு: பாதத்தைத் தட்டுல பின்னுக்குத் தள்ளி, குதிகால் அதோட இடத்துல அழுந்தி உக்காந்ததும் கட்டணும். காலைத் தூக்கினா ஸ்டில்ட்டும் கூடவே வரணும். குதிகால் எழும்பி அப்புறமா ஸ்டில்ட் வந்தா, இறங்கும்போது அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியாது.

முழங்கால் வளையம்: மொத்தப் பதிவுலயும் முக்கியமான இடம் இதுதான். முட்டிச்சில்லுக்குக் கொஞ்சம் கீழே உக்காரணும். மேல போனா முட்டி மடங்காது. ரொம்பக் கீழ இறங்கினா கெண்டைக்காலைப் பிடிச்சு உருட்டும், பக்கவாட்டுப் பிடிமானம் போயிடும். குழாயில இதுக்குன்னே வரிசையா துளை இருக்கும், போல்ட்டைக் கழட்டி ஏத்தலாம் இறக்கலாம். ரெண்டு காலும் ஒரே துளையில இருக்கணும். உக்காந்தபடியே முட்டியை நல்லா மடக்கிப் பாருங்க. சில்லுல இடிச்சாலோ, முட்டிக்குப் பின்னாடி குத்தினாலோ ஏறவே ஏறாதீங்க.

திசை: முட்டி எந்தப் பக்கம் பாக்குதோ பாதமும் அதே பக்கம் பாக்கணும். வளையம் திரும்பி இருந்தா ஸ்டில்ட் உள்பக்கம் சாய்ஞ்சு, நடக்கும்போது ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். கவுத்து விட அது போதும். சாதாரணமா நடக்கறதை விட காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கணும்.

இறுக்கம்: முதல்ல பாதம், அப்புறம் முழங்கால். ஆடக்கூடாது, மரத்தும் போகக்கூடாது. கால்விரல் ஜிவ்வுன்னு ஆனா இறக்கித் தளர்த்துங்க. அஞ்சு நிமிஷம் நடந்ததும் பட்டை எப்படியும் கொஞ்சம் இளகும். அப்ப மறுபடி உக்காந்து இழுத்துக் கட்டணும். இதை யாரும் செய்யறதில்லை.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க ஸ்பிரிங்கை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. மயிரிழை விரிசல், நார் பிரிஞ்சு நிக்கறது, ஓரம் சிலும்பினது, இதுல எது இருந்தாலும் வேணாம். எடை எழுதின ஸ்டிக்கர் உரிஞ்சிருந்தாலும் வேணாம். குளம்பு ரப்பர் தேஞ்சிருந்தா மாத்தணும். போல்ட்டை ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாக்கணும், துள்ளலுக்குக் கழண்டுக்கும்.

அளவு சரியா இருந்தும் ரெண்டு விஷயம் பாக்கி. ஒண்ணு, ஹெல்மெட், முட்டி, முழங்கை, மணிக்கட்டு காப்பு நாலும் கட்டாயம். ரெண்டு, இதுல சும்மா நிக்க முடியாது. அடி அவ்வளவு சின்னது, சைக்கிள் மாதிரிதான். இடத்துலயே காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருக்கணும். முதல் தடவை உயரமான மேசையில உக்காந்து மாட்டி, ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்க எழுந்திரிங்க. விழுந்தா முன்னாடி, பேட் மேல. ஈரம், மணல், வழவழ டைல்ஸ் மூணும் ஆகாது.

"இவ்வளவு பாத்தா எப்ப பாஸ் விளையாடறது?"

நியாயமான கேள்வி. இந்த மொத்த சோதனைக்கும் பத்து நிமிஷம் ஆகும். நாப்பது பேருக்குப் பத்து நிமிஷம்னா நாள் முழுக்கப் போயிடும்னு அந்த குரூப் ஆள் சொன்னார். கணக்கு சரிதான். அப்ப நாப்பது பேரை ஏத்தக்கூடாது, அவ்வளவுதான். ஒத்த எடை, ஒத்த உயரம் இருக்கற எட்டுப் பேர் ஒழுங்கா குதிச்சா போதும். மத்தவங்க கை தட்டட்டும்.

"நம்ம ஆளுங்க காலங்காலமா மரக்கால்ல ஆடலையா?"ன்னு இன்னொரு நண்பர் கேட்டார். ஆடியிருக்காங்க. சிலப்பதிகாரம் சொல்ற பதினோரு ஆடல்ல மரக்கால் ஆடலும் ஒண்ணு. ஆனா மரம் உங்களைத் திருப்பித் தூக்கி வீசாது. ஸ்பிரிங் வீசும். நீங்க குடுத்த வேகத்தை வட்டி மட்டும் போட்டுக்காம அப்படியே திருப்பிக் குடுக்கும், அது எந்தத் திசையில வருதுங்கறது அந்தப் போல்ட் எந்தத் துளையில இருக்குங்கறதைப் பொறுத்தது.

சுருக்கமா ஒரு டெஸ்ட் கேஸ் சொல்றேன். ஸ்டில்ட்டைக் குடுக்கற ஆள் உங்க எடையைக் கேக்கறாரா? வளையத்தை உங்க முட்டிக்கு வச்சுப் பாத்து, கையில ஸ்பானர் எடுக்கறாரா? ரெண்டுக்கும் 'ஆமா'ன்னா ஏறுங்க, அனுபவிங்க. இல்லைன்னா, "பயமா பாஸ்?"னு பக்கத்துல இருக்கறவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும், இறங்கி வந்துடுங்க.

பி.கு: தோழிக்குக் கட்டுப் பிரிச்சாச்சு, இடது கையால டைப் அடிச்சே அந்த ஆறு வாரமும் எங்க மாட்யூல்ல பக் மழை பொழிஞ்சாங்க. இவங்களையா பயந்தாங்கொள்ளின்னு சொன்னீங்க? ;-)

வழக்கம்போல கும்மறவங்க பின்னூட்டத்துல கும்மலாம். இதுல ஏறிப் பழகினவங்க இருந்தா உங்க அனுபவத்தையும் சொல்லிட்டுப் போங்க.