பெயர் பொய்யில்லை, பொருள்தான் நஞ்சு

ஓசூரில் தன்னை யாரென்று நிரூபிக்காமல் ஒருவன் ஒருநாளும் பிழைக்க முடியாது. ஒடிசாவிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்து சிப்காட்டில் வேலைக்குச் சேரும் இளைஞன் ஒப்பந்தக்காரரிடம் ஆதார் நகல் தருகிறான், வீட்டுக்காரரிடம் இன்னொன்று தருகிறான், ஆலை வாயிலில் முகத்தைக் காட்டி உள்ளே நுழைகிறான். ஜூஜுவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குப் போகும் சாலையில் கேமராக்கள் தலைக்குமேல் நிற்கின்றன. அதே சாலையில்தான் மருந்துப் பெட்டிகள் ஏற்றிய வண்டிகளும் போகின்றன. அவற்றின் உள்ளிருப்பதை யார் பார்க்கிறார்கள்?

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். இருமலுக்கு அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்', நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் தயாரித்தது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1. மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். சாவுகள் தொடங்கிய பிறகு ஆலைக்குள் நுழைந்த அதிகாரிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட விதிமீறல்களை எண்ணிச் சொன்னார்கள். அந்த நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது 2011இல்.

இதைப் 'போலி மருந்து' என்று எழுதினார்கள். என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. (தமிழ் படித்தவன் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறான் என்று நண்பர்கள் நினைக்கலாம், நினைக்கட்டும்.) போலி என்பது ஒன்றைப்போல் தோன்றி அதுவாக இல்லாதது. அந்தப் புட்டியிலோ பெயர் அசல், முகவரி அசல், உரிம எண்ணும் அசல். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் தரமற்ற மருந்தையும் போலி மருந்தையும் தனித்தனியாகவே வரையறுத்துவருகிறது. நாமோ எல்லாவற்றையும் 'போலி' என்ற ஒரே சாக்கில் கட்டி, பழியை முகமறியாத ஒரு திருடன் தலையில் ஏற்றிவிட்டு, உரிமம் கொடுத்த கையை மறந்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்தில் பிறந்த தீர்வையும் பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல் முந்நூறு முன்னணி மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு கட்டாயம். கோல்ட்ரிஃப் புட்டியில் அந்தக் கட்டம் இருந்திருந்தால் தாயின் செல்பேசி என்ன சொல்லியிருக்கும்? 'ஐயமில்லை, இது அசல்தான்' என்றிருக்கும்.

காவல்துறையின் முகமறி மென்பொருளும் இதே அறிவின் பிள்ளை. தமிழகக் காவல்துறைக்காக அது 2021 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் வெளியார் அதனுள் நுழைந்து தரவுகளைக் கவர்ந்துவிட்டனர். நிர்வாகக் கணக்கொன்றின் கடவுச்சொல் கசிந்தது என்பது காவல்துறையின் விளக்கம். டெல்லிக் காவல்துறை எண்பது விழுக்காட்டுக்குமேல் ஒத்துப்போனால் 'பொருந்தியது' என்று கொள்கிறது. மீதி இருபதில் யாருடைய முகம் இருக்கிறதோ! காணாமற்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க உதவுகிறதே என்பார்கள். உதவட்டும். அதற்கெனத் தனிச்சட்டம் எங்கே? சான்பிரான்சிஸ்கோ நகரம் 2019இலேயே தன் காவலர்களுக்கு இதைத் தடைசெய்தது. பொது இடங்களில் காவல்துறை நிகழ்நேரத்தில் முகமறிவதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடுத்திருக்கிறது. விதிவிலக்குகள் நிறைய என்றாலும் அவை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

(ஃபூக்கோவை இங்கே அழைக்கப்போவதில்லை. தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் அவரைப் போதுமான அளவு களைப்படையச் செய்துவிட்டன. பார்க்கப்படுதலின் பொருளை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள், 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில் விடுதிக் குளியலறையில் ஒளித்துவைத்த கேமராவுக்கு எதிராக இரவில் திரண்ட பெண் தொழிலாளர்கள்.)

மருந்து விஷயத்தில் உலகம் பாடம் கற்காமல் இல்லை. இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டே, விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம்மிடமோ 1972இல் சென்னையிலும் 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் இதே சாவுகள். 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது, இங்கிருந்த மாதிரிகள் தரமானவை என்று இந்திய அரசு வாதிட்டது. காம்பியா சும்மா இருக்கவில்லை. இந்திய மருந்து கப்பலேறுமுன் சோதிக்கப்பட்டாகவேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே இந்தியாவும் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்கு ஆய்வகச் சான்று கட்டாயம் என்றது. ஏற்றுமதிக்கு மட்டும்! கடல்கடந்து போகும் புட்டிக்குச் சோதனை. சிந்த்வாராவுக்குப் போன புட்டிக்கு அந்த விதி கிடையாது. எந்த முகத்தைப் பார்த்து இப்படிப் பிரித்தார்கள்?

டைஎத்திலீன் கிளைக்காலைக் கண்டுபிடிக்கச் செலவு குறைந்த மெல்லடுக்கு நிறப்பகுப்பு முறை உண்டு. எங்கள் கல்லூரி வேதியியல் மாணவர்களுக்குப் பழக்கமான சோதனைதான் அது. மூலப்பொருள் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும், அது உள்நாட்டுக்கானாலும் வெளிநாட்டுக்கானாலும், அரசின் கண்முன் அந்தச் சோதனை நடக்கவேண்டும். அடுத்த கேமராவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் நாளில், மருந்து ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை காலியாக உள்ளன என்ற கணக்கையும் அதனுடன் சேர்த்து வெளியிடட்டும்.