ஜடேஜா போனார், சஞ்சு வந்தார்: சிஎஸ்கே ரசிகர்களின் கோபத்துக்கு என்ன காரணம்?

"ஜட்டுவையே விட்டுட்டாங்களா?" 2025 நவம்பர் 15-ஆம் தேதி ஐபிஎல் நிர்வாகத்தின் அறிவிப்பு வந்ததும், சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் பலரும் கேட்ட கேள்வி இது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போக, பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார்.

கோபம் ஒருபக்கம், "சேட்டா வந்தாச்சு" என்ற குஷி இன்னொரு பக்கம். உண்மையில் இது யாருக்கு லாபம்?

பணக் கணக்கு என்ன?

சஞ்சுவின் சம்பளம் 18 கோடி ரூபாய். அது மாறவில்லை. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. சாம் கரனுக்கு அதே 2.4 கோடி.

அதாவது, சென்னை 20.4 கோடி மதிப்புள்ள இருவரைக் கொடுத்து 18 கோடி வீரரை வாங்கியிருக்கிறது. மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் 18 கோடி வீரரைக் கொடுத்து, 16.4 கோடியில் இருவரை எடுத்திருக்கிறது. மிச்சம் 1.6 கோடி. இரண்டு அணிக்கும் கையில் காசு மிஞ்சுகிறது. அந்த 4 கோடி குறைந்தது ஜடேஜாவின் சம்பளத்தில்தான்.

சென்னை ஏன் இதைச் செய்தது?

2025 சீசனில் 14 போட்டிகளில் 4 வெற்றி மட்டுமே. ஐபிஎல் வரலாற்றில் முதல்முறையாக சென்னை கடைசி இடம் பிடித்தது. டாப் ஆர்டரில் அடித்து ஆடும் இந்திய பேட்ஸ்மேன் தேவைப்பட்டார். தோனிக்கு அப்போது வயது 44. அடுத்த விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்வியும் இருந்தது. அப்போது 31 வயதான சஞ்சு இரண்டுக்கும் பொருந்தினார். ஜடேஜாவுக்கு 2025 டிசம்பரில் 37 வயது. ருதுராஜ் கெய்க்வாட் அப்போது கேப்டனாகத் தொடர்ந்தார்.

கணக்காகப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. ஆனா ரசிகர்கள் கணக்குப் பார்த்து டீம் பிடிப்பதில்லையே!

ஜடேஜா எப்படி 'நம்மாளு' ஆனார்?

சேத்தியாத்தோப்பிலிருந்து சேப்பாக்கத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. ஆனால் அந்தப் பக்கத்து ரசிகர்களில் எல்லாருக்கும் மைதானம் போய் மேட்ச் பார்க்க வாய்ப்பதில்லை. அவர்களுக்கு சிஎஸ்கே என்பது டிவியிலும் செல்போனிலும் தெரியும் முகங்கள்தான். அதனால்தான் ஒரு முகம் மாறும்போது வலி அதிகம்.

ஜடேஜா குஜராத்தின் சௌராஷ்டிரா பகுதியைச் சேர்ந்தவர். சென்னைக்கு வந்தது 2012-இல். இடையில் அணி தடைபட்ட 2 ஆண்டுகள் தவிர 12 சீசன்கள் மஞ்சள் ஜெர்சி. 2018, 2021, 2023 என 3 கோப்பைகள். 2023 இறுதிப்போட்டியில் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக் கொண்டாடிய காட்சியை எந்த ரசிகரும் மறக்கவில்லை.

அதேசமயம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோனி பேட்டிங் பார்க்கணும் என்பதற்காக, ஜடேஜா அவுட் ஆனபோது கைதட்டியதும் இதே ரசிகர்கள்தான். தான் மேலே இறங்கினால் கூட்டம் தன் விக்கெட்டுக்காகக் காத்திருக்கும் என்று 2023-இல் அவரே சொன்னார். 2022-இல் கேப்டன் பதவி கொடுத்து, 8 போட்டிகளிலேயே அது மறுபடி தோனியிடம் போனது. இருக்கும்போது தெரியாத அருமை, போன பிறகு தெரிகிறது.

வீரரைக் கேட்காமல் மாற்ற முடியுமா?

முடியாது. ஐபிஎல் டிரேடில் இரு அணிகளோடு வீரரின் சம்மதமும் கட்டாயம். எனவே 'ஜடேஜாவைத் துரத்திவிட்டார்கள்' என்பது முழு உண்மை அல்ல.

அமெரிக்க பேஸ்பாலில் நிலைமை வேறு. அங்கே, ஒப்பந்தத்தில் தனி நிபந்தனை இல்லாவிட்டால், லீக்கில் 10 ஆண்டுகள் ஆடி, அதில் கடைசி 5 ஆண்டுகள் ஒரே அணியில் இருந்தவர்தான் டிரேடை மறுக்க முடியும். மற்றவர்கள் சொன்ன ஊருக்குப் போக வேண்டியதுதான். பாஸ்டன் ரெட் சாக்ஸ், பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது 1920 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு பாஸ்டன் சாம்பியன் ஆனது 2004-இல்தான். அதுவரை 'அவரை விற்ற சாபம்' என்றே ரசிகர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜடேஜாவுக்கு இது ஒரு வட்டமும்கூட. 2008-இல் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அனுமதியின்றி வேறு அணியுடன் பேசியதாக 2010 சீசனில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அன்று அணி மாற முயன்றது குற்றம். இன்று அது விதிப்படி நடக்கும் வியாபாரம்.

அதன் பிறகு என்ன?

2025 டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் மினி ஏலம் நடந்தது. அதற்குச் சென்னையின் கையில் 43.4 கோடி ரூபாய் இருந்தது. ஜடேஜா விட்டுச்சென்ற இடத்துக்கு ஸ்பின் போடும் ஆல்ரவுண்டரைத் தேட வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் கிடைத்து, சஞ்சுவும் ரன் குவித்தால் கோபம் தணியும் என்ற நிலை.

டிரேடுக்கு இரு அணிகளும் வீரரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரசிகரின் சம்மதத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிங்க் ஜெர்சியில் ஜடேஜா சென்னைக்கு எதிராக ஒரு விக்கெட் எடுக்கும்போது, கைதட்டுவதா வேண்டாமா என்பதை மட்டும்தான் அவர் முடிவு செய்ய முடியும்.