ஆறு வாரங்கள் யாருக்குக் கிடைக்கின்றன?

வயிற்றுச் சீரமைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் கையில் மருத்துவமனை ஒரு தாளைக் கொடுக்கிறது. மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ஆறு வாரங்களுக்கு உடற்பயிற்சி கூடாது. அந்த வரியைப் பலர் நேர்மையாகவே பின்பற்றுகிறார்கள். ஜிம்முக்குப் போவதில்லை; ஓடுவதில்லை. ஆனால் பத்தாம் நாளில் தண்ணீர் வாளியைத் தூக்குகிறார்கள்; குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள்; குந்தி அமர்ந்து தரை துடைக்கிறார்கள். இவை உடற்பயிற்சி என்று தாளில் எழுதப்படவில்லை. இந்தியாவில் உடற்பயிற்சிக்குத் திரும்புவது பற்றிய அறிவுரை பயனற்றுப்போகும் இடம் இதுவே. வீட்டு வேலையைக் கணக்கில் கொள்ளாத மீட்சி அட்டவணை மருத்துவ அடிப்படையில் முழுமையற்றது.

‘டம்மி டக்’ என்று பரவலாக அழைக்கப்படும் இந்த அறுவை சிகிச்சை, தொங்கும் தோலையும் அதனடிக் கொழுப்பையும் நீக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. மகப்பேற்றின்போது அல்லது உடல் எடை பெரிதும் கூடியபோது நடுக்கோட்டிலிருந்து விலகிப்போன வயிற்றுத் தசைகளை, அவற்றின் மேலுறையில் தையலிட்டு மீண்டும் அருகருகே கொண்டுவருவதும் பெரும்பாலும் இதில் அடங்கும். ஆகவே ஆற வேண்டியவை மூன்று: அடிவயிற்றின் குறுக்கே ஓடும் நீண்ட வெட்டு, தோலுக்கும் தசைக்கும் இடையே பிரிக்கப்பட்ட அகன்ற பரப்பு, நடுக்கோட்டுத் தையல். இம்மூன்றும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. வெளிக்காயம் மூடிக்கொண்டதைப் பார்த்து உள்ளே எல்லாம் சேர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது ஆபத்தானது.

காயம் ஆறுவதன் இயல்பே இதை விளக்கும். வெட்டுப்பட்ட தோலின் இழுவலிமை மூன்றாம் வார முடிவில் இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கும். சுமார் மூன்று மாதங்களில் அது 80 விழுக்காட்டை நெருங்கும். முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. தோலைப் பிரிக்கும்போது நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் அடிவயிறு பல மாதங்கள் மரத்துப்போயிருக்கும். ‘வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற பொது அறிவு இங்கே முழுமையாக உதவாது. எச்சரிக்கை தர வேண்டிய பகுதியே உணர்விழந்து கிடக்கிறது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. அறுவை சிகிச்சை என்றாலே படுத்த படுக்கை என்று எண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. நோயாளியை எழுந்து நடக்கவிடாமல் காப்பதே அன்பு என்று கருதப்படுகிறது. மருத்துவ உலகமும் நீண்டகாலம் அப்படித்தான் நம்பியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்ட் கெல்லி, வயிற்றுக் கொழுப்பை வெட்டி நீக்கிய தம் அனுபவத்தை 1899இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சிகாகோவைச் சேர்ந்த எமில் ரீஸ், வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை விரைவில் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்று எழுதினார். முன்னவரின் முறை பல மாற்றங்களோடு வளர்ந்து பரவியது. பின்னவரின் கருத்து பொதுவழக்கமாவதற்கு 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அசையாமல் படுத்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலைச் சென்றடையலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே இடுப்பைச் சற்று வளைத்தபடி, முதல் நாளிலிருந்தே சிறுசிறு தூரம் நடப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

இவ்விரு பிழைகளும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. முதல் வாரம் நடக்கவிடாமல் படுக்கவைக்கப்படுபவர், இரண்டாம் வாரம் உறவினர் ஊருக்குக் கிளம்பியதும் முழு வேலைக்குத் திரும்புகிறார். உடலுக்குத் தேவைப்பட்டதோ இதற்கு நேர்மாறானது: தொடக்கத்திலிருந்தே மென்மையான அசைவு, சுமைக்கு மட்டும் நீண்ட தடை.

பொதுவாகச் சொல்லப்படும் வரிசை இது. முதல் இரண்டு வாரங்களில் நடை மட்டும். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் முக்குவதும் உள்ளிருந்து தையலை அழுத்தும் செயலே. நான்கு முதல் ஆறு வாரங்களில், அறுவை மருத்துவர் பார்த்து ஒப்பிய பின் வேகநடை, நிலைமிதிவண்டி. ஆறு வாரங்கள் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அதன் பிறகே கைகால்களுக்கு இலேசான எடைப்பயிற்சி. வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி, தசையில் தையலிட்டவர்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை காத்திருக்கும். அதுவும் ஆழ்ந்த மூச்சோடு உள்தசைகளை மெல்ல இறுக்குவதில் தொடங்க வேண்டும். சிட்-அப், பிளாங்க் போன்றவை கடைசியில் வருபவை. வயிறு திடீரென ஒரு பக்கம் வீங்கினாலோ, உள்ளே நீர் தளும்புவதுபோல் தோன்றினாலோ, காயம் சிவந்து காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு காலின் ஆடுதசை வலித்து வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்தக் கால அளவுகள் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும். ஆனால் நான்கைந்து கிலோ என்னும் எல்லையை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் சிக்கல் புலப்படும். நிரம்பிய பதினைந்து லிட்டர் வாளி பதினைந்து கிலோ. குடிநீர் கேன் இருபது கிலோ. ஒரு வயதுக் குழந்தை ஒன்பது பத்துக் கிலோ. எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ; உருளையோடு சேர்த்தால் ஏறத்தாழ முப்பது. ஜிம்மில் தொடக்க நிலையினர் தூக்கும் டம்பெல்லைவிட இவை கனமானவை. வயிற்றுக்குள் எழும் அழுத்தம், தூக்கப்படுவது இரும்பா தண்ணீரா என்று பார்ப்பதில்லை.

பணம் செலவழித்து அழகுக்காகச் செய்துகொள்பவர்களின் பிரச்சினை இது, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்ற கேள்வி எழலாம். அந்தக் கேள்வியே சிக்கலின் ஒரு பகுதி. அழகுக்கான சிகிச்சை என்று முத்திரை குத்தப்படுவதால் பலர் இதை மறைத்துச் செய்துகொள்கிறார்கள். அலுவலகத்தில் வேறு காரணம் சொல்லிச் சில நாள் விடுப்பு எடுக்கிறார்கள். மறைத்தவர் உதவி கேட்க முடியாது. பேருந்தில் பையை வாங்கிக்கொள்ளச் சொல்லவும் முடியாது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த தரப்படுத்தப்பட்ட விலக்குகளில் அழகியல் சிகிச்சையும் ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு, மருத்துவத் தேவை ஆகியவை நிறுவப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே கையிலிருந்த பணம் அறுவை சிகிச்சையோடு தீர்ந்துவிட, இயன்முறை மருத்துவர் பலருக்கு எட்டாதவராகிறார். எந்தக் காரணத்துக்காக வெட்டப்பட்டிருந்தாலும் திசு ஆறுவதற்கு எடுக்கும் காலம் மாறாது என்பதை இந்த ஒழுக்கத் தீர்ப்பு மறந்துவிடுகிறது.

மேலும், இந்தக் கேள்வி இந்த ஒரு சிகிச்சையோடு நிற்பதும் இல்லை. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நிகழும் பிரசவங்களில் 21.5 விழுக்காடு அறுவை வழிப் பிரசவங்கள். கருப்பை நீக்கம், குடலிறக்கச் சிகிச்சை ஆகியவையும் வயிற்றுச் சுவரைத் தொடுபவையே. ஒவ்வொன்றுக்கும் கால அளவும் விதிகளும் வேறு. ஆனால் ‘எடை தூக்காதீர்கள்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வாளியும் குழந்தையும் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்பும் நிலை எல்லோருக்கும் பொது.

தீர்வு பெருஞ்செலவு பிடிப்பதன்று. வெளியேற்றத் தாளில் உடற்பயிற்சி என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக வாளி, குழந்தை, குக்கர், உருளை, தரை துடைத்தல், குந்தி அமரும் கழிப்பறை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதலாம். எந்த வாரத்தில் எது கூடும் என்பதைத் தாய்மொழியில் குறிக்கலாம். அந்த வாரங்களில் இவ்வேலைகளை யார் செய்யப்போகிறார் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே, குடும்பத்தாரை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால், அவசரமில்லாத இந்தச் சிகிச்சையின் நாளைத் தள்ளிவைப்பதே முறை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அறுவைக்கு முன் சோதிப்பதைப் போலவே, ஆறு வார ஓய்வு அந்த வீட்டில் கிடைக்குமா என்பதையும் சோதிக்க வேண்டும்.